ரேடியோக்காரன் சொல்லிப்போட்டான்

என் குரலைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று இப்போது எழுதுகிறேன். என் மனைவி இதைப் படித்தால் அந்தச் சொல்லை வெட்டிவிடுவாள். மட்டக்களப்பில் தேர்தல் வந்தால் காரின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வாவிக்கரை முழுக்கச் சுற்றுகிற வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சி என்று நான் கேட்டதில்லை. தேவாலயத்தில் நத்தார் நாடகம் என்றால் திரைக்குப் பின்னால் நின்று கடவுளின் குரலாகப் பேசுவதும் நான்தான். அப்படிப்பட்டவன் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு, ஒருவரோடும் பேச வழியில்லாமல், நாள் முழுக்கத் தோள் எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் தொண்டை துருப்பிடித்துப் போகும் என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்போதுதான் ரேடியோ வந்தது. டெனிஷ்காரர் ஊருக்கு ஊர் தங்களுக்கென்று சின்ன வானொலிகளைத் தொடங்கியிருந்த காலம் அது. நேர்ரேடியோ, அதாவது அக்கம்பக்கத்து ரேடியோ, என்பார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் கேட்காது. எங்கள் ஊரில் அது ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு, தபால்புறா வளர்ப்பவர்களின் நிகழ்ச்சிக்கும் ஓய்வு பெற்றவர்களின் வாத்தியக் குழுவுக்கும் நடுவில், தமிழர்களுக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. குரல் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கிய வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் கோப்பி சிந்தியது.

அரை மணித்தியாலம் சும்மா கிடைக்கவில்லை. கொம்யூன், அதாவது நகரசபை, ஒரு நிபந்தனை வைத்தது. ஒவ்வொரு கிழமையும் பத்து நிமிடம் போதைப்பொருளுக்கு எதிராகப் பேச வேண்டும். ஏனென்றால் பத்திரிகைகளில் தமிழர் என்ற சொல்லும் ஹெரோயின் என்ற சொல்லும் ஒரே வரியில் வரத் தொடங்கியிருந்தன. எங்கோ ஒரு விமான நிலையத்தில் எங்கள் ஆள் ஒருவர் பிடிபட்டால், அடுத்த நாள் ஹொல்ஸ்டெப்ரோ பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற கிழவி தன் கைப்பையை மற்றப் பக்கத்துக்கு மாற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கோபத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவளுக்கு நீட்டினேன். அவள் ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டு நன்றி சொன்னாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொம்யூனில் இந்த விஷயத்துக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தார். கட்டைத் தலைமயிர், மழையோ பனியோ சைக்கிள்தான். அவர் எனக்கு ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் தந்தார். டெனிஷ் இளைஞர்களுக்காக எழுதியது. ஊசி, நண்பர் கூட்டம், இசை விழா, தனிமை என்று என்னென்னவோ இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்தது சப்பென்று இருந்ததால், தேர்தல் காரில் கற்றதை எல்லாம் அதில் இறக்கினேன். “அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே! போதை என்னும் அரக்கன் உங்கள் வாசலில் நிற்கிறான்!” என்று தொடங்கினால், முட்டை அட்டை அதிரும். பத்து நிமிடம் பேசி முடித்தால் எனக்கு வியர்த்துவிடும். பிறகு ஒரு பாட்டுப் போடுவேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் ஊரில் தமிழர் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் அவரைக் கேட்டால் போதும். உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து என்னைப் பிடித்தார்.

“தம்பி, ஆருக்கடா நீ பேசுறாய்? இஞ்ச இருக்கிற சனம் தலையிடிக் குளிசையையே பாதியா உடைச்சுப் போடுற சனம். உன்ர அரக்கன் வந்து வாசலில நிண்டாலும், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா எண்டுதான் சொல்லுவம். நாங்கள் இரண்டு மணி பத்துக்குத்தான் ரேடியோவைப் போடுறனாங்கள். பாட்டுக்கு.”

எனக்கு முகம் செத்துப் போனது. ஆனால் நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாததற்குக் காரணம் என் குரல் மட்டுமல்ல.

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் கட்டி ஐந்தாம் மாதம் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். எனக்கு டென்மார்க் அகதி அந்தஸ்துத் தந்தது. மனைவியைக் கூப்பிடச் சட்டப்படி உரிமையும் தந்தது. அவள் தன் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தாள். கோப்பு அசையவில்லை. மாதம் போய் வருடமானது. எங்கள் பெண்சாதி பிள்ளைகளின் கோப்புகளை அசைய விடாமல் வைத்திருந்ததே மேலிடத்து வேலை என்று பின்னால் நாடு முழுக்கத் தெரியவந்து, அந்த வழக்கில் ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போனது. அந்த நாட்களில் எங்களுக்கு அது தெரியாது. என் டெனிஷ் போதாது, படிவத்தில் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருந்தேன். தமிழன் ஒருவன் ஹெரோயினோடு பிடிபட்டான் என்று செய்தி வரும் ஒவ்வொரு நாளும், அவளுடைய கோப்பை யாரோ எடுத்து அடுக்கின் அடியில் வைப்பது போல எனக்குத் தோன்றும். அதனால்தான் அப்படிக் கத்தினேன். யாராவது ஒருவர் கேட்டுத் திருந்தினால் அவள் ஒரு நாள் முந்தி வருவாள் என்ற கணக்கு.

கடிதம் எழுத எனக்குப் பஞ்சி, கை வளையாது. ஆகவே நிகழ்ச்சியைக் கசெற்றில் பதிந்து, மிச்ச இடத்தில் சொந்தக் கதை பேசி, இரண்டு கிழமைக்கு ஒன்று அவளுக்கு அனுப்புவேன். அவள் பதில் எழுதுவாள். அரக்கன் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: “நித்திரை வராத நாட்களுக்கு உதவியாக இருக்கிறது.”

பிறகு என் சகதொழிலாளி ஒருவர் பிடிபட்டார். தொழிற்சாலையில் எனக்கு அடுத்ததாக நின்று விலா எலும்பு பிரிக்கிறவர். எங்கள் ஊர்ப்பக்கம்தான். சிகரெட் புகைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர். அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று மெட்ராஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அவருடைய பெட்டிக்குள் இருந்த ஊறுகாய் டின்னின் அடியில் ஹெரோயின் இருந்தது. அவரை உள்ளே போட்டார்கள். நான் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார்.

“எங்கட ஊராள் எண்டு சொன்னவன் அண்ணை. மாமியிட்டக் குடுக்க ஒரு ஊறுகாய் டின் எண்டான். திறந்து பாக்கட்டோ எண்டு எப்பிடிக் கேக்கிறது? மூஞ்சியில அடிச்ச மாதிரி எல்லோ.”

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. எந்தத் தமிழருக்கும் விளங்கும். ஒருவர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் அடுத்த நாளே வீட்டு வாசலில் பார்சல்கள் வந்து சேரும். ஒட்டிக் கட்டி, நாலு பக்கமும் நூல் சுற்றி, பெயர் எழுதி. இவர் தன் உடுப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு மற்றவர்களின் பார்சலை அடுக்குவார். உள்ளே என்ன என்று கேட்பது, நீ கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். அதுவரைக்கும் நான் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து ஊசி, ஊசி என்று கத்திக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்துக்கு ஆபத்து ஊசியில் இல்லை. கேட்க வெட்கப்பட்டுத்தான் எங்கள் ஆட்கள் சிறைக்குப் போனார்கள்.

இதைக் கண்டுபிடித்த பெருமையோடு அடுத்த ஞாயிறு இன்னும் பலமாகக் கத்தினேன். “மடையர்களே, பார்சலைத் திறந்து பாருங்கள்” என்றேன். ஒருவரும் திறக்கவில்லை. அடுத்த கிழமையே கீழ்வீட்டு அண்ணையின் மச்சான், ஜெர்மனிக்கு யாருக்கோ இரண்டு பெட்டியைக் கட்டின கட்டோடு கொண்டுபோனார். கேட்டதற்கு, “நீ சொல்லுவாய், திறவெண்டு கேக்கிறவன் நானெல்லோ” என்றார்.

அந்தக் கசெற்றைக் கேட்டுவிட்டு என் மனைவி எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் ஊரில் உப தபால் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவள். எழுத்தும் அப்படித்தான், முத்திரை குத்தின மாதிரி இருக்கும்.

“பார்சல் கொண்டு வருகிறவர்களிடம் உள்ளே என்ன என்று நான் தினமும் கேட்டிருக்கிறேன். பாதிரியாரிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவரும் கோபித்ததில்லை. ஏனென்றால் கேட்டது நான் இல்லை, படிவம். சனத்தை மடையர் என்று திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர்களுக்குப் பழி போட ஒரு சாட்டு வேண்டும். நீங்கள்தான் ஊர் முழுக்கக் கேட்கக் கத்துகிறீர்களே. அந்தச் சாட்டாக நீங்களே இருங்கள்.”

இரண்டு நாள் எனக்குக் கோபம். மூன்றாம் நாள் எலும்பு பிரித்துக்கொண்டிருக்கும்போது கத்தியை வைத்துவிட்டு நின்றேன். மேற்பார்வையாளர் வந்து சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான், என் மனைவி என்னை விடப் புத்திசாலி என்று இப்போதுதான் தெரிந்தது என்றேன். அது எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு நான் கத்தவில்லை. இப்படித்தான் சொன்னேன்: “இன்றிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு விதி. பார்சலைத் தருகிறவர் திறந்தபடி கொண்டு வர வேண்டும். கொண்டு போகிறவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பிறகு கட்ட வேண்டும். கேட்க வெட்கமாக இருந்தால் பழியை என் மேல் போடுங்கள். எனக்கு உங்களில் நம்பிக்கை இருக்கு, ஆனால் அந்த ரேடியோக்காரன் சொல்லிப்போட்டான் என்று சொல்லுங்கள். என்னைத் திட்டிக்கொண்டே திறவுங்கள். எனக்கு நோகாது.”

கொம்யூன் பெண்மணி திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். நான் பேசியதை டெனிஷில் எழுதித் தரச் சொன்னார். வாசித்துவிட்டு, ஊசியைப் பற்றி எங்கே என்று கேட்டார். நான் பார்சல் வழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. டெனிஷ்காரருக்கு அண்டை வீட்டுக்காரனின் தபாலை எடுத்து வைப்பதே பெரிய உறவு. பிறகு விளங்கியதும் மேசையில் தட்டிச் சிரித்தார்.

“இது உங்கள் யோசனையா?”

“என் மனைவியின் யோசனை.”

“அவரையும் நிகழ்ச்சிக்குக் கூட்டி வாருங்களேன்.”

“அவள் கொழும்பில் இருக்கிறாள். உங்கள் ஆட்கள் இன்னும் விடவில்லை.”

அவருடைய முகம் சிவந்து போனது. துண்டுப்பிரசுரக் கட்டைத் திரும்ப எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு நான் என்ன பேச வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஊருக்குள் எனக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமல்ல. கீழ்வீட்டு அண்ணை படியில் நின்று கத்தினார். “என்ர மனிசி சுட்ட முறுக்கை நீ சந்தேகப்படுறியோ?” அவரோடு ஒரு மாதம் கதையில்லை. ஆனால் அதே மாதம் ஒரு அக்கா மெட்ராஸுக்குக் கல்யாணத்துக்குப் போக வெளிக்கிட்டார். பயந்த சுபாவம். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அவர் வாசலில் நின்றுகொண்டு, வந்த ஒவ்வொருவரிடமும், “எனக்கெண்டால் ஒண்டுமில்லை, அந்த ரேடியோக்காரன்...” என்று இழுத்தாராம். அவ்வளவுதான். எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டு, நிலத்தில் குந்தியிருந்து நூலை அவிழ்த்தார்கள். சொக்கிளேற், கம்பளிக் காலுறை, இருமல் மருந்து. எங்கள் ஜெபக்கூட்டத்தில் மிகவும் கண்டிப்பான ஒரு பெரியவர், சிரிக்கவே தெரியாத மனிதர், தன் பார்சலைத் திறக்க மாட்டேன் என்று நின்றார். சனம் விடவில்லை. திறந்தால் உள்ளே மெட்ராஸில் இருக்கும் அவருடைய மனைவிக்கு ஒரு ரோஸ் நிற லேஸ் இரவு உடுப்பு. அதற்குப் பிறகு அவர் எனக்குக் கை தருவதில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோருக்கும் அவரைக் கொஞ்சம் பிடித்துப் போனது.

மெல்ல மெல்ல அந்த வசனம் ஊர் வசனமாகிவிட்டது. இரண்டாம் தரம் சோறு போட வந்தால், “வேண்டாம், ரேடியோக்காரன் சொல்லிப்போட்டான்.” பிள்ளை வெளியே போகக் கேட்டால், “ரேடியோக்காரன் விடமாட்டான்.” எங்கள் ரேடியோ எட்டாத கிரின்ஸ்டெட்டுக்கும் ஹோர்சன்ஸுக்கும் சனம் கசெற்றில் பிரதி பண்ணிக் கொண்டுபோனது. ஒருநாள் ஹோர்சன்ஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஒரு நல்ல உடுப்புப் போட்ட தமிழர் வந்து, ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கேட்டாராம். இவர் என் வசனத்தைச் சொல்லிவிட்டுப் பையைத் திறக்கச் சிப்பில் கை வைத்தாராம். “பறிச்சுக்கொண்டு ஓடிட்டான் அண்ணை! ஓடின ஓட்டத்தில தொப்பி விழுந்தது, அதைக்கூட எடுக்கேல்லை!” என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். அடுத்த நாள் தொழிற்சாலையில் நான் பாடிக்கொண்டு எலும்பு பிரித்தேன். என் சகதொழிலாளியையும் பல மாதத்துக்குப் பிறகு குற்றமில்லை என்று விட்டார்கள். அவர் நேரே ஸ்டூடியோவுக்கு வந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, தன் வாயால் தன் கதையைச் சொன்னார். அன்றைக்குக் கீழ்வீட்டு அண்ணை ஒரு கிண்ணம் முறுக்கோடு படியேறி வந்து, கிண்ணத்தின் மூடியை என் முன்னால் தானே திறந்து காட்டினார்.

கடைசியில் கோப்புகள் அசைந்தன. ஒரு வசந்த காலக் காலையில் கடிதம் வந்தது. நான் அதை வாசித்துவிட்டு, விளங்கியது சரிதானா என்று கொம்யூன் பெண்மணியிடம் கொண்டு ஓடினேன். அவர் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். விமானச் சீட்டு எடுத்தாயிற்று. வெளிக்கிட மூன்று நாள் இருக்கும்போது லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

லொட்ஜ் முதலாளியின் மேசையில்தான் தொலைபேசி. அவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது அவள் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

“எல்லாம் அடுக்கியாச்சு. முதலாளி ஐயா ஒரு பால்மா டின் தந்தவர். கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில ஒரு ஆள் வந்து வாங்குவாராம்.”

“திறந்ததா? ஒட்டினதா?”

“ஒட்டினது.”

“இஞ்சேர், அவரிட்டச் சொல்லு...” என்றேன். இணைப்பு அறுந்து போனது. திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை.

அந்த முதலாளியைப் பற்றி எனக்குத் தெரியும். அவள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது தன் கையால் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்த மனிதர். பொலிஸ் சோதனைக்கு வந்த நாட்களில், என் மகள் என்று சொல்லி அவளைக் காப்பாற்றியவர். அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் டின்னைத் திற என்று அவள் எப்படிச் சொல்லுவாள்? கிழமைக்குக் கிழமை ரேடியோவில் சொன்ன நானே சொல்லியிருப்பேனா? மாட்டேன். அந்த மூன்று நாளும் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். மற்றவனின் பார்சலைத் திறக்கச் சொல்வது சுகம். டின்னில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், இரண்டரை வருடம் காத்திருந்த மனிசி விமான நிலையக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சிறைக்குப் போவாள். நடுவில் வந்த ஞாயிறு என்னால் பேச முடியவில்லை. அரை மணித்தியாலமும் பாட்டுத்தான் போட்டேன்.

விமானம் காலை பத்து மணிக்கு இறங்கியது. பதினொன்றுக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் தோல் ஜக்கெற் போட்ட ஒரு தமிழர் நின்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் பார்க்கிற அதே கதவைத்தான் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி. பன்னிரண்டரை. நான் ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் தேவனோடு சண்டை பிடித்தேன்.

கதவு திறந்தது. அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் சீருடை போட்ட சுங்க அதிகாரி ஒருவர், அவளுடைய பை ஒன்றைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். தோல் ஜக்கெற்காரர் சீருடையைக் கண்ட மாத்திரத்தில் திரும்பி நடந்தார். நான் கம்பியைத் தாண்டிக் குதித்தேன்.

“உங்கள் மனைவியா?” என்று அதிகாரி டெனிஷில் கேட்டார். கையில் மூன்று தாள் வைத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் கோடு போட்ட கட்டங்கள். பொருள், எத்தனை, தந்தவர் பெயர், தந்தவர் கையொப்பம், திறந்து பார்த்த திகதி. ஆங்கிலத்தில், என் மனைவியின் தபால் கந்தோர் எழுத்தில். “நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் நேரமாகிவிட்டது. எல்லாம் சரி. முறுக்கு மட்டும் இருபத்துநாலு என்று இருக்கிறது, எண்ணினால் இருபத்துமூன்றுதான் வருகிறது.”

நான் அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

“ஒண்டை அவர்தான் திண்டவர். சாப்பிடுற சாமானோ எண்டு பாக்கோணுமாம்” என்றாள்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு என் மனைவி என் முகத்துக்கு நேரே பேசிய முதல் வசனம் அது. நான் அந்த மண்டபத்தின் நடுவில் நின்று ஓவென்று அழுதேன். அதிகாரி பையை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

தாளில் பால்மா டின் இல்லை. அதைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வந்தது, ஹொல்ஸ்டெப்ரோ போகிற ரயில் வழியில் இருக்கும் கடலைக் கடக்கக் கப்பலுக்குள் ஏறிய பிறகுதான். அந்தக் காலத்தில் ரயிலே கப்பலுக்குள் போகும். நாங்கள் மேல்தட்டில், காற்றில் நின்றோம். அவளுக்கு என் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தேன். அவள் தாளில் எழுதினது போல ஒழுங்காகச் சொன்னாள்.

வெளிக்கிடும் நாள் காலை, லொட்ஜில் இருந்த எல்லோரும் அவளை வழியனுப்பக் கூடத்தில் கூடியிருந்தார்கள். அவள் முதலாளியின் கசெற் பிளேயரில் என் கசெற்றைப் போட்டாள். நான் கத்தாமல் பேசிய அந்த முதல் நிகழ்ச்சி. எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, பால்மா டின்னைக் கொண்டுவந்து முதலாளியின் காலடியில் வைத்து, தானும் நிலத்தில் இருந்தாள்.

“ஐயா, என்ர மனிசன் ரேடியோவில சொல்லிப்போட்டார். இதைத் திறக்காமல் கொண்டு போனால் அவற்ற பேச்சுக்கு மரியாதை இல்லை.”

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. “நான் உனக்கு என்ன பிள்ளை செய்யேல்லை?”

“எல்லாம் செய்தனீங்கள். அதாலதான் தனிய இருந்து திறக்காமல் உங்களுக்கு முன்னால திறக்கிறன்.”

அவள் ஒரு கரண்டியை மூடியின் விளிம்பில் வைத்தாளாம். பிறகு அவரே கரண்டியை வாங்கி மூடியைக் கிளப்பினார். மேலே பால்மா. கரண்டி பாதிக்குக் கீழே போகவில்லை. உள்ளே ஒரு பொலித்தீன் பொட்டலம், மண்ணிறம். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்கும் அதை ஒரு சொந்தக்காரனின் சிநேகிதன்தான் கொடுத்திருந்தான். உள்ளே என்ன என்று கேட்க அவருக்கும் வெட்கம். பொட்டலத்தைத் தன் கையாலேயே கக்கூசில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து, அவளுடைய தலையில் ஈரக் கையை வைத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“அந்தக் கசெற்றை இஞ்ச வைச்சிட்டுப் போ பிள்ளை. இனி இந்த வாசலால வெளிக்கிடுற ஒவ்வொரு ஆளுக்கும் போட்டுக் காட்டிப்போட்டுத்தான் விடுவன்.”

ஹொல்ஸ்டெப்ரோ எல்லையைத் தாண்டாத ரேடியோ கொழும்பில் கேட்கிறது. எனக்கு நெஞ்சு விரிந்தது. ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் போகிற சனம் என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறது. தலைக்கனம் திரும்பவும் ஏறியது. கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து, கொஞ்சம் அலட்சியமாகக் கேட்டேன்.

“அப்ப என்ர குரல்தான் உனக்குத் துணிவு தந்தது, என்ன?”

அவள் யோசித்தாள்.

“குரல் எப்பவும் போலத்தான். ஆனா அண்டைக்கு நீங்கள் பேசேக்க மேசை கிறீச் கிறீச்செண்டது கசெற்றில கேட்டது. அரக்கனைப் பற்றிக் கத்தேக்க ஒருநாளும் அப்பிடிக் கேட்டதில்லை.”

சனம் என்னைக் காறித் துப்பப் போகுது என்ற பயத்தில், நடுக்கம் தெரியாமலிருக்க அந்த ஞாயிறு முழுக்க மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

“இந்த மனிசன் பயந்து பயந்து சொல்லுறார், அப்ப உண்மையாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்” என்றாள். “மூடியில கரண்டியை வைக்கேக்க எனக்கும் கை நடுங்கினது. பறவாயில்லை, அவரும் நடுங்கிக்கொண்டுதானே சொன்னவர் எண்டுதான் வைச்சன்.”